கோழிக்கூட்டுக்குப் போன பேணிகள்

எங்கள் தேத்தண்ணிக்கடையில் ஆளுக்காள் வித்தியாசம் பார்த்ததே இல்லை என்று என் கணவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்குச் சொன்னார், மருமக்களுக்குச் சொன்னார், பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டும் சொன்னார். அவர் பொய் பேசுகிற ஆள் இல்லை. அதனால்தான் எல்லாரும் நம்பினார்கள். இன்றைக்கும் குடும்பத்தில் ஒரு கொண்டாட்டம் என்றால் யாராவது அந்தக் கதையை எடுத்து வைக்கிறார்கள். நான் இருக்கிற இடத்தில் அது எடுபடாது. வித்தியாசம் இருந்தது. குசினியில் அதற்கென்று தனிச் சட்டி ஒன்று இருந்தது. அந்தச் சட்டியில் அந்தப் பேணிகளைக் கழுவியவள் நான்.

திருகோணமலையில் டொக்யாட் வாசலுக்குப் போகிற தெருவில் இருந்தது கடை. கணவருடைய தகப்பன் தொடங்கியது. முன்பக்கம் இரண்டு நீள மேசை, ஆட்கள் இருக்க நாலு வாங்கு, வடையும் வாய்ப்பனும் வைக்கிற கண்ணாடி அலுமாரி. அலுமாரிக்கு இந்தப் பக்கம் கொதிதண்ணீர்ப் பானையோடு கணவர் நிற்பார். பின்னால் குசினி. குசினிக்கும் கடைக்கும் நடுவே ஒரு சின்ன யன்னல். சாமான் கொடுத்து வாங்குவதற்காக வைத்தது. ஈச்சிலம்பற்றில் வயல்காரர் வீட்டில் பிறந்த நான் கலியாணம் முடித்து வந்த பிறகு உலகத்தில் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் அந்த யன்னலால்தான். என் கணவரையும் அதனூடாகத்தான் பார்த்தேன். அதாவது அவருடைய முதுகையும் வலது கையையும்.

வாங்கில் இருக்கிறவர்களுக்குக் கிளாஸ். வெளியே மதிலோரம் நிற்கிறவர்களுக்குப் பேணி. ரின்பால் முடிந்த தகரப் பேணிகளின் வாயைத் தட்டி மழுக்கி, அலுமாரிக்குக் கீழ்த் தட்டில் கவிழ்த்து வைத்திருப்போம். மதிலோரம் நின்றவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், தோணியில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்கள். அவர்களில் இன்ன இன்ன குடியில் பிறந்தவர்கள் உள்ளே வரக்கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. யாரும் யாரையும் தடுத்ததும் இல்லை. அவர்கள் வந்து மதிலோரம் நிற்பார்கள். கணவரின் கை கீழ்த் தட்டுக்குப் போகும். பேசிக்கொண்டிருக்கும்போதே போகும், சிரித்துக்கொண்டிருக்கும்போதே போகும். ஆளைப் பார்க்காமல் குரலைக் கேட்டே போகும். தகப்பனுக்குப் பக்கத்தில் நின்று சின்ன வயதில் பழகிய கை அது.

அந்தக் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. தேத்தண்ணிக்கடையிலும் கோயிலிலும் பிறப்பைச் சொல்லி ஆளைத் தள்ளி வைத்தால் குற்றம் என்று. கணவர் பத்திரிகையை விரித்து வாங்கில் இருந்த கந்தோர் உத்தியோகக்காரர்களுக்கு உரத்து வாசித்தார். “நல்ல சட்டம். இது எப்பவோ வந்திருக்க வேணும்” என்றார். மனதாரத்தான் சொன்னார். அப்போது மதில் பக்கத்திலிருந்து ஒருவர் தேத்தண்ணி கேட்டார். பத்திரிகையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் கீழ்த் தட்டில் ஒரு பேணியை எடுத்தார் என் கணவர். வாசித்ததற்கும் எடுத்ததற்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதென்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் யன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்காரக் கடற்படை போனபிறகு தெரு வெறிச்சோடியது. டொக்யாட் வேலையை நம்பியிருந்த கந்தோர்க்காரர் பலர் கொழும்புக்கு மாறிப் போனார்கள். எங்கள் வாங்குகள் காலியாகின. வெள்ளைக்காரன் போனதால் வந்த நட்டம் என்று கணவர் சொன்னார். எல்லாக் கடைக்காரரும் அதையே சொன்னார்கள். ஆனால் எங்களுக்கு நேரெதிரே, மூதூரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் மனிதர் புதிதாகத் தேத்தண்ணிக்கடை போட்டார். எல்லாரும் அவரை நானா என்பார்கள். அந்தக் கடை நிரம்பி வழிந்தது. வெள்ளைக்காரன் எங்கள் பக்கத்திலிருந்து மட்டும்தான் போனானா என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கணவர் அந்தக் கடையையே பார்த்துக்கொண்டிருப்பார். “அவன் பால் கூடப் போடுறான்” என்றார் முதலில். நாங்களும் கூடப் போட்டோம். யாரும் வரவில்லை. “அங்க றேடியோ இருக்கு” என்றார். ஒரு றேடியோ வாங்கி வந்து அலுமாரிக்கு மேலே வைத்தார். தொழிலாளர்கள் எங்கள் மதிலோரம் நின்று பாட்டைக் கேட்டுவிட்டு எதிர்க்கடையில் போய்க் குடித்தார்கள். “அந்தப் பக்கம் வெயில் விழாது” என்றார். ஓலைத் தாழ்வாரம் ஒன்று இறக்கினார். பிறகு சுவருக்கு நீலப் பெயின்ற் அடித்தார். பிறகு சாமிப்படத்தை வடக்குச் சுவரிலிருந்து கிழக்குச் சுவருக்கு மாற்றினார். அவர் கெட்டிக்காரர். தேயிலைத்தூளை உள்ளங்கையில் வைத்து மணந்தே தரம் சொல்வார். ஒருநாளும் பாலில் தண்ணீர் கலந்தவரில்லை. அவ்வளவு கெட்டிக்காரர் கடையில் இருந்த எல்லாவற்றையும் மாற்றினார், கீழ்த் தட்டைத் தவிர. அது அவர் கண்ணில் படவில்லை. ஒளித்து வைத்திருந்தால் தேடியாவது பார்த்திருப்பார். அது தினமும் கைபடுகிற இடம்.

ஒருநாள் சீனி முடிந்து, அவசரத்துக்கு எதிர்க்கடையில் ஒரு சுண்டு கைமாற்றாக வாங்கப் போனேன். கணவருக்குத் தெரியாமல்தான். உள்ளே மூட்டை தூக்குகிறவர், சுங்கக் கந்தோர்ப் பியோன், கிண்ணியாவிலிருந்து வந்த மீன் யாவாரி எல்லாரும் தோள் இடிக்க இருந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மதிலோரம் வருடக் கணக்காக நின்ற முகங்களை அன்றைக்குத்தான் வாங்கில் இருந்த நிலையில் பார்த்தேன். இருக்கும்போது ஒரு ஆளின் முகம் வேறு மாதிரித்தான் இருக்கிறது.

“நானா, உங்கட கடையில என்ன விசேசம்?” என்று கேட்டேன்.

அவர் சீனியை அளந்துகொண்டே சிரித்தார். “விசேசம் ஒண்டும் இல்லைத் தங்கச்சி. வாங்கு கொஞ்சம் நீளம்.”

கடைக்குத் திரும்பி வந்து எங்கள் வாங்குகளைப் பார்த்தேன். அவருடைய வாங்குகளைவிட அவை நீளம்.

அதற்குப் பிறகு வந்தவர்தான் அந்த இளம் கிளாக்கர். துறைமுகக் கந்தோருக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர். வெள்ளைச் சேட்டு, எண்ணெய் வைத்து வாரிய தலை. காலையில் வந்து கரை வாங்கில் இருந்து பேப்பர் பார்த்தபடி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். கணவருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. “நல்ல பொடியன். இப்பிடி நாலு பேர் வந்தாலே கடை நிமிர்ந்திடும்” என்றார். கிளாக்கர் வந்தால் மதிலோரம் இன்னும் வந்து நிற்கிற ஒருசில தொழிலாளர்கள் தலையாட்டுவார்கள், அவரும் தலையாட்டுவார். அது கந்தோர் மரியாதை என்று கணவர் நினைத்தார்.

ஒருநாள் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் அலுமாரிக்கு மேலால் குனிந்து கணவரின் காதில் ஏதோ சொன்னார். கிளாக்கரின் தகப்பன் யார், எந்த ஒழுங்கையில் வீடு என்று. கணவர் “அப்பிடியே?” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலை கிளாக்கர் வந்து கரை வாங்கில் இருந்தார். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் சிரித்தபடி “வாங்கோ தம்பி” என்றார். தேத்தண்ணியை நுரை தள்ள ஆற்றினார். வலது கை கீழ்த் தட்டுக்குப் போயிற்று. கிளாக்கருக்கு முன்னால், மேசைமேல், ஒரு பேணி வந்து இருந்தது.

அவர் பேப்பரை மடித்தார். கோபப்படவில்லை. “ஐயா, நேற்று வரைக்கும் கிளாஸில தந்தனீங்கள்” என்றார்.

“ஓம் தம்பி, கிளாஸ் எல்லாம் கழுவாமக் கிடக்கு” என்றார் கணவர். அவருடைய முழங்கைக்குப் பக்கத்திலேயே நான் கழுவித் துடைத்து அடுக்கிய கிளாஸ்கள் வெயிலில் மினுங்கின.

கிளாக்கர் கிளாஸ்களைப் பார்த்தார். காசை மேசையில் வைத்தார். தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பித் தெருவைக் கடந்து நானாவின் கடைக்குப் போனார். வெளியே நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பாதி குடித்த பேணிகளை மதிலின் மேல் வரிசையாக வைத்துவிட்டு அவர்களும் போனார்கள்.

கணவர் வெளியே வந்து அந்தப் பேணிகளைப் பார்த்தார். “என்ன நடந்தது இவங்களுக்கு?” என்று என்னிடம் கேட்டார். நடிப்பில்லை. உண்மையாகவே விளங்கவில்லை அவருக்கு. “தேத்தண்ணியில ஏதும் விழுந்து கிடந்ததே?”

அன்று பின்னேரம் கடை சாத்தியபிறகு நான் குசினியிலிருந்து முன்பக்கம் வந்தேன். அவர் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார்.

“இஞ்சேருங்கோ, அந்தத் தம்பிக்கு ஏன் பேணியில குடுத்தனீங்கள்?”

“நான் எங்க பேணியில குடுத்தனான்?”

“குடுத்தனீங்கள். நான் கண்டனான்.”

திரும்பி என்னைப் பார்த்தார். அவர் நினைவில் அது இல்லை. முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. பிறகு, “கையில அதுதான் அம்பிட்டிருக்கும்” என்றார்.

“கைக்கு எட்டின இடத்தில கிளாஸ் இருந்தது. குனிஞ்சு கீழ எடுத்தனீங்கள்.”

“நீர் இப்ப என்ன சொல்ல வாறீர்? நான் ஆளுக்காள் வித்தியாசம் பாக்கிறனான் எண்டோ?”

“ஓம்.”

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவரிடம் நான் அப்படிச் சொன்னதில்லை. சாம்பிராணித் தட்டைக் கீழே வைத்தார். “உமக்கு யாவாரம் தெரியாது. அவையளை உள்ளுக்க விட்டா மற்றச் சனம் எழும்பிப் போயிடும். பிறகு கடையைப் பூட்ட வேண்டியதுதான்.”

“எந்தச் சனம்?”

“எங்கட சனம்.”

“அவையளிட்ட எப்பவாவது கேட்டனீங்களோ, எழும்பிப் போவீங்களோ எண்டு?”

“இதையெல்லாம் கேக்கிறதே?”

“கேக்காம எப்பிடித் தெரியும்?”

அவர் கேட்டதே இல்லை. தகப்பனும் கேட்டிருக்க மாட்டார். யாரும் யாரையும் கேட்காமல், கேட்டால் என்ன பதில் வரும் என்று மட்டும் எல்லாருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அந்த நிச்சயத்தின் மேல்தான் எங்கள் கடை நின்றது. நிரம்பி வழிகிற எதிர்க்கடை கண்ணுக்கு முன்னால் அதைப் பொய்யென்று சொல்லிக்கொண்டிருந்தும் அவர் பாலையும் றேடியோவையும் வெயிலையும் சொன்னார். இதையெல்லாம் அன்றைக்கு எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நாளைக்கு அந்தச் சட்டியில் நான் கழுவ மாட்டேன்.

பேணிகள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுப் பின்வளவுக்குக் கொண்டுபோனேன். சிலதில் கோழிக்குத் தண்ணீர் வைத்தேன். சிலதில் குறுணல் போட்டேன். மிச்சத்தில் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு மிளகாய்க் கன்று நட்டேன். சட்டியைக் கவிழ்த்து அம்மிக்கல்லை மூடினேன்.

நானா சுபஹுத் தொழுகை முடித்து வந்து கடை திறக்கக் கொஞ்சம் நேரமாகும். அதனால் விடிய வேலைக்குப் போகிற சிலர் அப்போதும் எங்கள் மதிலடிக்கு வந்துகொண்டிருந்தார்கள். அடுத்த நாளும் வந்தார்கள். கணவர் தேத்தண்ணி ஆற்றினார். கை கீழ்த் தட்டுக்குப் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை. கை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தடவிவிட்டு அப்படியே நின்றது. அப்போதுதான் அவர் முதல்முறையாகக் குனிந்து அந்தத் தட்டைப் பார்த்தார்.

“பேணியள் எங்க?”

“கோழிக்கூட்டில” என்றேன் யன்னலால்.

“என்ன விசர் வேலை இது!”

“ஆக்கள் நிக்கினம். தேத்தண்ணி ஆறுது.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. ஆனால் ஆட்கள் நின்றார்கள், தேத்தண்ணியும் ஆறிக்கொண்டிருந்தது. கிளாஸை எடுத்தார். ஊற்றினார். வெளியே கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கியவர் உடனே குடிக்கவில்லை. நான் வெளியே வந்து, “அண்ணை, உள்ளுக்க வந்து இருந்து குடியுங்கோ” என்றேன்.

“இண்டைக்கு நிண்டே குடிக்கிறம் பிள்ளை” என்றார் அவர். உள்ளே யாரும் வரவில்லை. பேணி போனவுடனே எல்லாம் மாறிவிட்டதென்று நான் சொல்லவில்லை. வருடக் கணக்காக வெளியே நிறுத்தி வைத்தவர்கள் ஒரு கிளாஸுக்காக ஓடிவந்து இருப்பார்களா?

எழும்பிப் போனவர்களும் இருந்தார்கள். அதையும் மறைக்க மாட்டேன். காதில் சொன்ன அந்த வாடிக்கைக்காரர் போனார். இன்னும் சிலர் போனார்கள். ஆனால் யார் முதலில் போவார் என்று கணவர் பயந்தாரோ, அந்தப் பென்சன்காரக் கந்தோர்ப் பெரியவர், அசையவே இல்லை. “எனக்குத் தேத்தண்ணி சூடா இருந்தாச் சரி” என்று இரண்டாவது வடையையும் கேட்டு வாங்கித் தின்றார்.

பெரிய சத்தம் வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. கணவரின் தமையன் நிலாவெளிப் பக்கம் தென்னந்தோட்டம் வைத்திருந்தவர். கடைக் கட்டடத்தில் அவருக்கும் பங்கு இருந்தது. கேள்விப்பட்டு வந்தவர் கதிரையில் இருக்காமல் நின்றபடியே தம்பியைப் பேசினார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் குசினியை விட்டு வெளியே வந்தேன்.

“மச்சான், அவரைப் பேசாதேங்கோ. பேணியை எறிஞ்சது நான்.”

“பிள்ளை, நீர் உள்ளுக்குப் போம். இது ஆம்பிளையளின்ர கதை. இது என்ர அப்பு உண்டாக்கின கடை. இதில எனக்கும் பங்கிருக்கு.”

“பங்கு கட்டடத்திலதான் மச்சான். கிளாஸ் நான் கழுவுறது. ஆர் குடிச்ச கிளாஸைக் கழுவுறது எண்டதை நான்தான் சொல்லவேணும்.”

“அப்ப இனி இந்த வீட்டில நான் கை நனைக்க மாட்டன்.”

“அது உங்கட விருப்பம்.”

அவர் போய்விட்டார். எங்கள் மூத்தவளின் சாமத்தியச் சடங்குக்கு வரவில்லை. மாமியார் செத்த வீட்டில்கூட எங்கள் தண்ணீர் குடிக்கவில்லை. கணவருக்கு அது நெஞ்சில் முள்ளாக இருந்தது. எனக்கும் வருத்தம்தான். ஆனால் பேணிகளைத் திரும்ப எடுத்து வைக்க ஒருநாளும் நினைத்ததில்லை.

கடை நிமிரக் காலம் எடுத்தது. இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வருகிறவர்களுக்குச் சோற்றுக்கடை ஒன்றும் அந்த நேரம் திறந்திருக்காது. நான் குரக்கன் பிட்டும் சூடை மீன் குழம்பும் வைக்கத் தொடங்கினேன். பிட்டை நின்றுகொண்டு சாப்பிட ஏலாது. பிட்டுப் போட்ட கோப்பையை மேசையில் வைத்தேன். சாப்பிடுகிறவர் வாங்குக்கு வரத்தான் வேண்டும். முதலில் ஒருவர் வந்தார், நுனியில் ஒட்டிக்கொண்டு. பிறகு இன்னொருவர். மழை பெய்த ஒரு காலை வாங்கு முழுவதும் நிறைந்தது. நானாகூடத் தன் ஆளை அனுப்பிப் பிட்டு வாங்கினார்.

கணவர் எல்லாரிடமும், “அந்தப் பிட்டாலதான் கடை தப்பினது” என்று சொன்னார். பிட்டால்தானாம்! நான் எத்தனை தரம் மறுத்தாலும் அவருக்கு அதுதான் காரணம். பேணியை அவர் மறந்துவிட்டார். மறந்தது மட்டுமில்லை, அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று ஆக்கிவிட்டார். கண் முன்னால் நடந்ததையும் தனக்கு ஏற்கனவே தெரிந்த கணக்குக்குள் மடித்து வைத்துக்கொள்ள அவரால் முடிந்தது. நல்ல மனிதர்களுக்கு இது இன்னும் சுலபமாக முடிகிறது. தாங்கள் நல்லவர்கள் என்ற நம்பிக்கையே அவர்கள் கண்ணை மறைத்துவிடுகிறது.

அந்தக் கிளாக்கரை ஒருமுறை குச்சவெளி பஸ்ஸில் கண்டேன். அப்போது அவர் கந்தோரில் பெரிய பதவிக்கு வந்திருந்தார். எழும்பி எனக்கு இடம் கொடுத்தார். பக்கத்தில் இருந்த பெண் இறங்கியதும் அவரும் அந்த இடத்தில் வந்து இருந்தார்.

“தம்பி, கடை இப்ப முந்தி மாதிரி இல்லை. ஒருநாள் வாங்கோவன்” என்றேன்.

“கேள்விப்பட்டனான் அக்கா. பேணி எங்க போனதெண்டதும் தெரியும்” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “உங்களோட எனக்குக் கோவம் இல்லை. ஆனா வரமாட்டன். அந்த மேசையைக் காண எனக்கு விருப்பமில்லை.”

“அப்ப வராதேங்கோ” என்றேன். மன்னித்து வந்து குடித்துவிட்டுப் போக வேண்டிய கடமை அவருக்கு இல்லை. பிறகு அவர் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தோம்.

எனக்கு முழங்கால் வருத்தம் வந்து குசினியில் நீண்ட நேரம் நிற்க முடியாமல் போனபோது உதவிக்கு ஆள் தேடினேன். மதிலோரம் நின்று குடித்தவர்களில் ஒருவருடைய மனைவி, நாலு பிள்ளைக்காரி, வேலை கேட்டு வந்தாள். அவள் வைத்த மீன் குழம்பை அவளுடைய வீட்டிலேயே போய்ச் சாப்பிட்டுப் பார்த்தேன். என்னுடையதைவிடத் திறம். நாளைக்கே வா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கணவர் கேட்டதும் சட்டென்று திரும்பினார். முன்வாங்கில் யார் இருந்தாலும் அவருக்கு அப்போது பழகிவிட்டது. ஆனால் எங்கள் சோற்றுப்பானை இருக்கிற இடம் குசினி.

“குசினிக்குள்ளயுமோ?” என்றார்.

“ஓம். குசினிக்குள்ளயும்.”

“நான் சாப்பிட மாட்டன்.”

“உங்களுக்குப் பாண் வாங்கி வைக்கிறன்” என்றேன்.

கொஞ்ச நாள் பாணும் வாழைப்பழமுமாகச் சமாளித்தார். அவள் அவர் முன்னாலேயே உலை வைத்தாள், தேங்காய் திருவினாள், ஒன்றும் தெரியாதவள் மாதிரிப் பாட்டு முணுமுணுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை கத்தரிக்காய்ப் பால்கறியும் பருப்பும் வைத்த மத்தியானம், அவர் கையைக் கழுவிக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார். நான் எழும்பவில்லை. கோப்பையில் சோற்றைப் போட்டு அவள்தான் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு போய் முன்வாங்கில் இருந்து சாப்பிட்டார். பாதியில் தலையை நிமிர்த்தி, “இன்னும் கொஞ்சம் கறி தாரும் பிள்ளை” என்று அவளைக் கேட்டார்.